மாட்டு டாக்டரின் வலது கால்

மாட்டு டாக்டரம்மா தன் வலது காலையே நம்பாமல் இருந்தாள்.

எல்லாம் அந்த வளைவில் ஆரம்பித்தது. காலியான சாலை, லேசான திருப்பம், பின் இருக்கையில் மாமியார். திடீரென்று யாரோ ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தது போல வண்டி வெட்டி நின்றது. மாமியாரின் நெற்றி முன் இருக்கையில் மோதிப் புடைத்தது. பிரேக்கைத் தொட்டதாக அவளுக்கு நினைவே இல்லை. ஆனால் தொடாமல் வண்டி எப்படி நிற்கும்?

"பயத்துல மிதிச்சிருப்பே. மிதிக்கிறது தெரியாமலே கால் மிதிச்சிடும்," என்றான் கணவன். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னான். கெட்ட எண்ணமில்லை. எதையாவது விளக்கிச் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கேட்டுக் கேட்டு அவளும் நம்பிவிட்டாள். நரம்பு டாக்டர் முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, காலில் ஒரு குறையும் இல்லை என்றார். அப்படியானால் கோளாறு அதற்கும் மேலே, மண்டையில்தான் என்று இன்னும் கலங்கினாள். இனிப் பண்ணைகளுக்குப் போவதில்லை, மருந்துக் கிடங்கோடு இருந்துவிடுகிறேன் என்று நாளை மேலதிகாரியிடம் சொல்லிவிட முடிவு செய்திருந்தாள்.

முன் டயர்கள் ஓரத்தில் தேய்வதைப் பார்த்து, கணவன் வண்டியை, சக்கரங்களை நேராக்கும் வீல் அலைன்மெண்ட் கடைக்குக் கொண்டுவந்தான். அவளையும் கூட்டி வந்திருந்தான். கடைக்காரிக்கு, கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரான 'ரசமட்டம்' என்று பட்டப்பெயர். சாய்ந்த எதையும் அவள் கண் விடாது.

"வண்டியைத் தூக்கியிருக்கீங்களே?"

"பண்ணைப் பாதையில அடி தட்டுச்சு. பெரிய ஸ்பிரிங் போட்டு நான்தான் தூக்கினேன்."

"அப்புறம் அலைன்மெண்ட் பாத்தீங்களா?"

"தேவைப்படலை. ஸ்டீயரிங் மட்டும் கோணலா நின்னுச்சு. நட்டைக் கழட்டி, நானே நேரா மாட்டிட்டேன்." காலரைத் தூக்கிவிடாத குறை.

கை துடைத்துக்கொண்டிருந்த ரசமட்டம் நிறுத்திவிட்டாள். "அப்ப வளைவுல வண்டி தானா வெட்டி நின்னிருக்குமே. ஓட்டினது யாரு?"

"இவதான். பிரேக்குக்கும் இவ காலுக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம்."

"அப்ப அவங்களே ஓட்டட்டும். டாக்டரம்மா, ஏறுங்க."

"நானா? வேண்டாம்மா."

"நான் பக்கத்துல இருக்கேன். ஹேண்ட் பிரேக் என் கையில."

கடைக்குப் பின்னால் பெரிய மைதானம். கணவன் பின்னால் ஏறிக்கொண்டான். ஓரளவு வேகம் வந்ததும் ரசமட்டம் சொன்னாள்: "வளைக்க ஆரம்பிங்க. இப்ப ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல வச்சுக்குங்க."

டாக்டரம்மா ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அடியிலிருந்து கடகடவென்று சத்தம். வண்டி ஒரு பக்கம் வெட்டியது. அவளைத் தூக்கிவாரிப் போட்டது. குனிந்து பார்த்தாள். ஆளே தொடாத பிரேக் பெடல், அறுத்துப் போட்ட பல்லிவாலைப் போலத் துடித்துக்கொண்டிருந்தது. அவள் கால்கள் இரண்டும் இருக்கையின் மேல் இருந்தன.

கணவன் முகத்தில் ஈயாடவில்லை.

வண்டியை மேடையில் ஏற்றி, இருவரையும் அடியில் நிற்க வைத்து ரசமட்டம் காட்டினாள். ஸ்டீயரிங் பெட்டி மேலே சட்டத்தோடு இருக்கிறது. சக்கரங்கள் கீழே அச்சோடு. இரண்டையும் இணைப்பது சாய்வான ஒரு கம்பி. ஸ்பிரிங் பெரிதானதும் பெட்டி உயர்ந்தது, கம்பியும் இன்னும் செங்குத்தாக நிமிர்ந்தது. ஏணியைச் சுவரை ஒட்டி நிமிர்த்தினால் அதன் அடி உள்ளே வருமல்லவா, அதுபோல அது சக்கரங்களை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நேராகப் போக ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பிடிக்க வேண்டியதாயிற்று. கம்பியின் நீளத்தைக் கூட்டியிருந்தால் தீர்ந்திருக்கும்.

"நீங்க மேலே ஸ்டீயரிங் வட்டத்தை மட்டும் நேராக்கிட்டீங்க. அது மாட்டியிருக்கிற தண்டு கீழே இன்னும் திரும்பியேதான் நிக்குது. கடிகாரம் தப்பா ஓடுதுன்னு, முள்ளைத் திருப்பாம கடிகாரத்தையே சாய்ச்சு மாட்டின மாதிரி."

அந்தத் தண்டில் ஒரு சென்சார் உண்டு. ஓட்டுபவர் எவ்வளவு திருப்புகிறார் என்று அது சொல்லும். வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று சொல்ல இன்னொன்று. இரண்டு கணக்கும் கொஞ்சம் வேறுபட்டால் வண்டியின் மூளை பொறுத்துக்கொள்ளும். வளைவில் வித்தியாசம் எல்லை தாண்டியதும், சறுக்குகிறோம் என்று பயந்து ஒரு சக்கரத்தின் பிரேக்கை மட்டும் தானே பிடித்துவிடுகிறது.

"கம்பியைச் சரி பண்ணி, ஸ்டீயரிங்கைப் பழைய இடத்துல மாட்டி, சக்கரக் கோணமெல்லாம் பாத்து, கடைசியா இதுதான் நேருன்னு அந்த மூளைக்குச் சொல்லித் தரணும்," என்றாள் ரசமட்டம்.

டாக்டரம்மா வண்டியைக் கீழே இறக்கச் சொன்னாள். "அதுக்கு முன்னாடி இன்னொரு சுத்து போகணும்."

"எதுக்கும்மா? தெரிஞ்சுபோச்சே."

"உங்களுக்குத் தெரிஞ்சுது." கணவனிடம் திரும்பினாள். "போனை எடுங்க. அத்தையைக் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல போடுங்க."

கணவன் பின் இருக்கையில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான். ரசமட்டத்தின் கை மறுபடி ஹேண்ட் பிரேக்கில். "வெளிய பாக்காதீங்க. என் காலைப் பாருங்க," என்றாள் டாக்டரம்மா. பார்த்தான். வண்டி வெட்டி நின்றது.

"மிதிச்சேனா?"

"இல்ல."

"அத்தைக்குக் கேக்கணும்ல."

"அம்மா, இவ மிதிக்கலைம்மா."

"அப்போ யாருடா மிதிச்சது?" என்றது போன்.

விளக்கப் பிரியன் வாயைத் திறந்தான், மூடினான். "நான்தாம்மா," என்றான் கடைசியில்.

டாக்டரம்மா கால்களை மெல்லக் கீழே இறக்கினாள். ரசமட்டத்தைப் பார்த்து, "சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடுமா? காலையில எருமைப் பண்ணைக்குப் போகணும்," என்றாள்.