இரங்கல் செய்தியில் விடுபட்ட பெயர்

ஆற்றின் மறுகரையில் கனடா தெரியும் அந்த மின்னசோட்டா சிற்றூரில், தன் தம்பி லைலின் இரங்கல் செய்தியை நாலாவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தாள் ஆர்டிஸ். லைலுக்குத் திருமணமாகவில்லை, கடைசிவரை அக்காவோடுதான் இருந்தான். எழுபத்தொன்பது வயதிலும் அவள் முதுகு நாற்காலியில் சாயவில்லை. கண்கள் மட்டும் மூன்று நாள் தூக்கமின்றி எரிந்தன.

எதிரே காப்பியோடு உட்கார்ந்திருந்தான் டுவேன். ஊரில் இறுதிச் சடங்குகளை நடத்துபவன். சவப்பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர்தான் கிடைத்திருந்தார்கள். அந்தக் கவலையை அவளிடம் சொல்லிவிட்டுத் தாளை வாங்கி வாசித்தான்.

"‘வியட்நாம் போரில் ஒரு காலை இழந்த வீரர்.’ சரி. ‘உடன்பிறந்தவர் ஆர்டிஸ் மட்டும்.’ அப்போ வெண்டல் யாரு, அக்கா? பக்கத்து வீட்டுக்காரரா?"

ஆர்டிஸ் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வெண்டல் கடைக்குட்டி. ராணுவத்துக்கு அழைத்து ஓலை வந்த வாரமே, யாரையும் கொல்ல மாட்டேன் என்று பாலத்தைக் கடந்து கனடாவுக்குப் போனவன். அதே வருஷம்தான் லைல் ஒற்றைக் காலோடும் நடுங்கும் கைகளோடும் திரும்பினான். "எனக்கு ஒரே மகன்தான்" என்று அப்பா தேவாலயத்தில் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அவர் போன பின்னும் அந்தச் சொல்லை அவள் கட்டிக்காத்தாள். ஓடிப்போனவர்களை அரசாங்கமே மன்னித்தது, அவள் மன்னிக்கவில்லை.

"ஓடிப்போன கோழை பேரு அச்சுல வரக்கூடாது. லைலுக்கு அது அவமானம்."

"லைல் அண்ணனுக்கா? குளிர்காலமெல்லாம் அவரு யாரோட மீன் பிடிச்சாருன்னு என்னைக்காவது கேட்டீங்களா?"

"தனியாத்தான் போவான்."

"ஒத்தக் காலோட, உறைஞ்ச ஆத்துல, தனியாவா? அப்பல்லாம் வெண்டல் இந்தப் பக்கம் கால் வச்சா ஜெயில். அதனால நட்டாத்துல எல்லைக்கு அந்தப் பக்கம் அவரு மீன் பிடிக்கப் பனியில ஒரு ஓட்டை போடுவாரு, இந்தப் பக்கம் இவரு ஒண்ணு. மன்னிப்பு வந்தப்புறம் பனி மேல ரெண்டு பேருக்கும் ஒரே மீன்பிடிக் கொட்டகை. ஊருக்கே தெரியும். ‘அக்காவுக்குத் தெரிஞ்சா ராத்திரி சோறு கிடைக்காது’ன்னு அவருதான் எங்க வாயை அடைச்சாரு. பாதி மீன் வெண்டல் பிடிச்சது, அக்கா. லைல் அண்ணனுக்குத் தூண்டில் போட எங்க வந்துச்சு!"

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. ஐம்பது குளிர்காலம். வெள்ளிக்கிழமை தோறும் அவள் வெண்ணெயில் பொரித்த மீன் எப்போதும் முள் எடுத்தே வந்தது. நடுங்கும் கையால் லைல் எப்படி எடுத்திருப்பான்? சிறு வயதில் அவள் தொண்டையில் முள் சிக்கிய நாளிலிருந்து, அவளுக்கென்று முள்ளெடுத்துக் கொடுத்தவன் வெண்டல்.

அவள் முதுகு மெல்ல நாற்காலியில் சாய்ந்தது.

"அசதியா இருக்கு டுவேன். கால் போனவனே மன்னிச்சுட்டான். சண்டை போட்ட அமெரிக்காவும் வியட்நாமும் கை குலுக்கியாச்சு. நான்தான் அந்தப் போரை வீட்டுக்குள்ள வச்சு வளர்த்திருக்கேன். கூடப்பிறந்தவனை அறுத்தெறிஞ்சு காப்பாத்துறது மானமே இல்ல. அரசாங்கம் கையெழுத்துப் போட்டா போர் முடியாது. ஒவ்வொரு வீட்டுலயும் முடிக்கணும்."

‘மட்டும்’ என்பதை அடித்துவிட்டு, வெண்டலின் பெயரை முழுதாக எழுதினாள்.

"ஆறாவது ஆள் வேணும்னியே. நம்பர் இருந்தா குடு. நானே கூப்பிடுறேன்."