எலெக்ட்ரிசிட்டியை மாடியேற்றிய நாள்

எலெக்ட்ரிசிட்டி என்ற வார்த்தை காலையில் குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. பிரித்துத்தான் அனுப்பியிருந்தார்கள். எ, லெக், ட்ரி, சி, ட்டி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வார்த்தை என் தங்கை உலகம்மாளுக்கு. மூன்றாவது மாடியில் இருக்கிறாள். பத்து மணிக்கு இன்டர்வியூ. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லச் சொல்வார்கள். அது மேஜை மேல் நின்றால் வேலை.

போன தடவை எல்லாத் துண்டுக்கும் ஒரே எடை வைத்தாள். எங்கள் வீட்டில் ஓரவஞ்சனை கிடையாது. வார்த்தை அப்படியே சரிந்துவிட்டது. இந்த முறையும் சரிந்தால் வேலை எதிர்வீட்டு மாசிலாமணிக்குப் போய்விடும். அவர் ஆடி மாதம் கடிகாரமானவர். இரண்டே துண்டுதான் சொல்வார். அழுத்தம் பிசகாது.

"இதுல எதுண்ணே கனம்?" என்று சுமை தூக்க வந்த சுடலைமுத்துவைக் கேட்டேன்.

"லெக்குதான். பாத்தாலே தெரியலையாவே?"

லெக்கை நான்கு பேர் தூக்கினார்கள். ட்ரியை ஒல்லிச் செல்லையா ஒற்றைக் கையில் எடுத்துக்கொண்டான். முதல் மாடியில் எ, லெக், ட்ரி மூன்றையும் மாட்டினார்கள். லெக் நல்ல கனம். நால்வருக்கும் மூச்சு வாங்கியது. எனக்கு ஒரே குஷி.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் சியையும் ட்டியையும் மாட்டினார்கள். லெக் சட்டென்று பஞ்சாகிவிட்டது. நான்கு பேரும் கூரையில் முட்டினார்கள். கனம் மொத்தமும் ட்ரிக்குப் போய்விட்டது. செல்லையா அப்படியே உட்கார்ந்தான். ட்ரி அவன் கையிலிருந்து நழுவி, படிகளில் உருண்டு, தெருவைத் தாண்டிப் போயே போயிற்று.

"சி, ட்டின்னு வால மாட்டுனா கனம் எடம் மாறும்னு சொல்லக் கூடாதா?" என்றான் செல்லையா.

"எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றார் சுடலைமுத்து.

எதிர்வீட்டில் மாசிலாமணி சந்தோஷமாக ஒன்பதே முக்கால் அடித்தார்.

உலகம்மாள் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். முகம் தொங்கிப் போயிற்று. "அண்ணே, நடுவுல ஓட்டையா இருக்கே."

"நான் நிக்கேன்."

"ஒனக்கு அம்புட்டுக் கனம் உண்டா?"

"ஆறு இட்லி தின்னுருக்கேன்."

லெக்குக்கும் சிக்கும் நடுவில் நின்றேன். அவள் வாயைத் திறந்தாள். வரிசையாக அதற்குள் ஏறினோம். உள்ளே சுக்கு மணத்தது.

அலுவலகத்தின் நடை, அவள் நடக்க நடக்க நீண்டது. கடைசியில் ஒரு மேஜை வந்தது. அதிகாரியம்மா, "சொல்லும்மா" என்றார்.

எ போனது. லெக் போனது. அடுத்து நான். மூன்று மாடி வீடும் என் தோளில் ஏறியது. விடவில்லை. சியும் ட்டியும் என் பின்னால் சிட்டாய்ப் பறந்து வந்தன. வார்த்தை மேஜை மேல் நின்றது. அதிகாரியம்மா ஒவ்வொரு துண்டாகத் தட்டிப் பார்த்தார். என்னை மட்டும் பலமாகத் தட்டினார்.

"நாளைக்கே வந்துரு."

தங்கை அழுதுவிட்டாள். எனக்கும் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. துடைக்கக் கையை எடுத்தேன். வார்த்தை ஆடியது. கையைப் பழையபடி வைத்துக்கொண்டேன்.

அவள் இப்போது தினமும் வேலைக்கு வருகிறாள். வந்ததும் டிபன் டப்பாவைத் திறந்து எனக்கு ஊட்டிவிடுகிறாள். இன்று எட்டாவது இட்லிக்கு வேண்டாம் என்று தலையசைக்கப் பார்த்தேன்.

"அசையாத. தின்னு" என்றாள்.

தின்றேன்.