ஆறாம் உலகத்தில் பெஞ்சமின்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொழுது போகாமல் பிறந்தது. நான் இராமேஸ்வரம் தீவில் ஒரு சின்னக் கடற்கரை ஊரின் மாதாகோயில் உபதேசியார். பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒரு தரம்தான் பூசை வைக்க வருவார். மற்ற நாட்களில் கோயிலைத் திறப்பதும் ஜெபம் சொல்வதும் நான். பகலில் ஆண்கள் கடலில் இருப்பார்கள், பெண்கள் மீன் காயப்போடுவார்கள். எனக்கு என்ன வேலை? மாய உலகங்கள் ஏழும் வந்து முட்டிக்கொள்ளும் ஒரு நாட்டைக் கட்டத் தொடங்கினேன். பெயர் ஏழுமுகத்துறை.

ஏழா என்று மலைக்காதீர்கள். மோட்சம், நரகம், இரண்டுக்கும் நடுவே பாவம் கழுவும் உத்தரிக்கிற ஸ்தலம் என்று மூன்றைத் திருச்சபையே கொடுத்துவிட்டது. மிச்சம் நாலுதான் என் கைவேலை. நாலாவதில் காற்று மட்டும் குடியிருக்கிறது. ஐந்தாவதில் நிழல்கள் வேலைக்குப் போகும், உடம்புகள் வீட்டில் தூங்கும். ஏழாவதில் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. ஆறாவதுதான் இடக்கு பண்ணியது. எந்த உலகத்தில் இறங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களின் உலகம் அது. அதற்குச் சட்டம் என்ன, எல்லை எது, இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை.

2

தொடக்கம் ஒன்று: "ஒரு கடல் சீறும்போது அடுத்த கடல் அசையாமல் கிடக்கும் அந்த விசித்திர நாட்டில்…"

(இது நம் தீவுதான். வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல். ஒன்று சீறினால் படகை மற்றதற்கு மாற்றுகிறோம். இதைப் போய்க் கற்பனை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: "வெண்சங்கன் என்னும் அரசன் மூன்று நிழல்களோடு பிறந்தபோது, அவன் தாய் எந்த நிழலை முதலில் தூக்குவது என்று—"

(தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.)

தொடக்கம் மூன்று: "ஒருவன் படகில் வந்தான். ஏழு கரையும் கண்ணுக்குத் தெரிந்தன. அவன் இறங்கவில்லை. அவன் பெயர் பெஞ்சமின்."

இதை மட்டும் அடிக்க மனம் வரவில்லை. அடித்துத் தொலைத்திருக்கலாம்.

3

பெஞ்சமின் என் கற்பனை இல்லை. அடுத்த வீட்டு மிக்கேலம்மாளின் கணவன். 1956-இல் வாடைக்காற்று தொடங்கிய வாரம் தனியாகக் கடலுக்குப் போனான். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கதைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டேன். திருட்டுதான், மறுக்கவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நவம்பர் இரண்டாம் தேதி, ஆத்துமாக்கள் திருநாளுக்கு, ஒவ்வொரு வீடும் தன் மரித்தோர் பெயர்களைக் கொடுக்கும். நான் தாளில் எழுதிவைப்பேன், சாமியார் பூசையில் வாசிப்பார். கடலில் போய் உடல் கிடைக்காதவன் பெயரை அவன் மனைவிதான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அன்றிலிருந்து அவள் விதவை. மிக்கேலம்மாள் மூன்று வருடமாக வருவாள், மாமனார் பெயரை மட்டும் சொல்வாள், போய்விடுவாள்.

4

1959, நவம்பர் இரண்டு, திங்கட்கிழமை. அவசரத்தில் நான் சாமியார் கையில் கொடுத்த தாள்களில் ஒன்று ஏழுமுகத்துறையின் குடிமக்கள் பட்டியல்.*

(இந்த இடத்தை எப்படி எழுதினாலும் சிரிப்பாக வந்துவிடுகிறது. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.)

சாமியார் ஊருக்குப் புதியவர். "வெண்சங்கன் ஆத்துமத்துக்காக," என்று வாசித்தார். "நித்திய இளைப்பாற்றி அளித்தருளும்," என்றது சனம். "காற்றுமகள் ஆத்துமத்துக்காக." அதற்கும் இளைப்பாற்றி கிடைத்தது. எனக்குப் பின்னால் ஒருவன் கேட்டான்: "ஏலே, வெண்சங்கன் யாருலே?" பக்கத்திலிருந்தவன், "தூத்துக்குடிப் பக்கத்து ஆளா இருக்கும், பேசாம இரு," என்றான்.

அடுத்த பெயர் பெஞ்சமின்.

நான் எழுந்து நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் மற்றப் பெயர்களுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். பயந்துவிட்டேன். பெண்கள் பக்கத்தில் மிக்கேலம்மாள் எழுந்து வெளியே போனாள்.

* சாமியாருக்கு இது இன்னும் தெரியாது. இதைப் படிப்பவர் அவராகவே இருந்தால்: சுவாமி, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறேன்.

5

மத்தியானம் மிக்கேலம்மாள் என் வீட்டுக்கு வந்தாள்.

"நான் குடுக்காத பேரு எப்படி வந்துச்சு, உபதேசியாரே?"

சொன்னேன். கதை என்றேன், மாய நாடு என்றேன், ஏழு உலகம் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தால் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த நாட்டுல அவுக எங்கன நிக்கிறாக?"

"ஆறாம் உலகத்துல. படகுலயே இருக்காரு. எறங்கல."

"நல்ல தண்ணி உண்டா அங்கன?"

"அதை எழுதலம்மா."

"எழுதலையா? மூணு வருசமா மனுசன் என்னத்தக் குடிப்பாக? எழுதுங்க."

மணலைத் தோண்டினால் நீர் ஊறுவதாக எழுதினேன். "எறங்கலன்னு சொன்னீக, பெறகு எப்படித் தோண்டுவாக?" என்றாள். அதை அடித்துவிட்டு மழை பெய்யவைத்தேன். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்தால் எந்தக் கரைப்பக்கம் ஒதுங்குவார், கிழிந்த படகுப் பாயை எதை வைத்துத் தைப்பார் என்று கேட்டுக்கொண்டே போனாள். ஏழு உலகத்தைக் கட்டினேன் என்று மார்தட்டியவனுக்கு ஒரு ஆளை ஒரு நாள் உயிரோடு வைத்திருக்கத் தெரியவில்லை.

எழுந்து போகும்போது சொன்னாள்: "ஞாயித்துக்கெழம ஜெபம் முடிஞ்சதும் அவுக வீட்டு ஆளுக வெள்ளச் சேலையோட வாராக. தாலியக் கழட்டணுமாம். தாளு தப்பா வந்துச்சுன்னு அவுக அண்ணன்கிட்டச் சொல்லிருங்க."

6

செவ்வாய்க்கிழமை காலையில் பெஞ்சமினின் அண்ணன் சூசைமுத்துவிடம் போனேன். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அறைவான் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப நேத்து வாசிச்சது பொய்யா?"

"தப்பு."

"ரெண்டும் ஒண்ணுதான்." வலையைக் கீழே வைத்தான். "மூணு வருசமா நான் அழுவல, உபதேசியாரே. அந்தப் புள்ள தாலியோட முன்னால நடக்கும்போது எப்படி அழுவ? நேத்துப் பேர வாசிச்சாக. வீட்டுக்கு வந்து ஆத்தாளும் நானும் கட்டிப்பிடிச்சு அழுதோம். ஆத்தா ராத்திரி நல்லாத் தூங்குச்சு. இப்ப வந்து தப்புங்கிறீக. அழுததத் திருப்பிக் குடுக்கவா?"

(இந்த இடத்தில் சூசைமுத்துவைக் கெட்டவனாக்கிவிடலாம் என்று ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். மீசையெல்லாம் வைத்தேன். கதை சுலபமாக நடந்தது. ஆனால் அவன் அப்படிப்பட்டவன் இல்லை. கிழித்துவிட்டேன்.)

7

இன்று சனிக்கிழமை. கதையை எப்படி முடிக்கப்போகிறேன் என்று கேட்க, மத்தியானம் மிக்கேலம்மாளும் சூசைமுத்துவும் ஒன்றாகவே வந்தார்கள். நான் எழுதிவைத்திருந்த முடிவுகளை வாசித்தேன்.

முடிவு ஒன்று: பெஞ்சமினின் படகு ஏழு கரைகளையும் விட்டுவிட்டு நம் கரைக்கு வருகிறது. மிக்கேலம்மாள் முகம் மலர்ந்தது. சூசைமுத்து, "எழுதிட்டீக, சரி. ஆளு எங்க?" என்றான்.

முடிவு இரண்டு: பெஞ்சமின் மோட்சக் கரையில் இறங்குகிறான். சூசைமுத்து சிலுவை போட்டுக்கொண்டான். மிக்கேலம்மாள் தலையை ஆட்டினாள். "என்னயக் கேக்காம எறங்க மாட்டாக."

முடிவு மூன்று: உலகங்கள் கூடுகிற இடமாயிற்றே! ஒரு உலகத்தில் அவன் இறந்தவன், பக்கத்து உலகத்தில் வலை வீசிக்கொண்டிருப்பவன். இதற்காகத்தானே இந்த நாட்டையே கட்டினேன் என்று எனக்கு ஒரே உற்சாகம். வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"ரெண்டு ஆளா?" என்றாள் மிக்கேலம்மாள். "நான் ஒரு ஆளத்தான கட்டுனேன்."

"எனக்கும் ஒரு தம்பிதான்," என்றான் சூசைமுத்து. இந்த வாரத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

"நாளைக்குள்ள ஒண்ணு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யார் சொன்னது என்று ஞாபகமில்லை. இருவருமே சொன்னார்கள் போலிருக்கிறது.

8

முடிவு நான்கு: ஞாயிற்றுக்கிழமை காலை, பெஞ்சமின்—

இல்லை. என்னால் முடியவில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. தெரியாதது மட்டுமில்லை, இருக்க வேண்டும் என்று விரும்புகிறேனா என்பதும் குழம்பிவிட்டது. மிக்கேலம்மாளைப் பார்த்தால் இருக்கட்டும் என்கிறது மனசு, சூசைமுத்துவைப் பார்த்தால் போதும் என்கிறது.

வாசகரே, நீங்கள் எழுதுங்கள். கதை என்று வாங்கிப் படித்தவர், உங்களுக்கும் ஒரு கருத்து இருக்குமே. ஒரே ஒரு நிபந்தனை. எழுதி எனக்கு அனுப்ப வேண்டாம். நாளை ஜெபம் முடிந்ததும் இருவரும் கோயில் வாசலில்தான் நிற்பார்கள், அவள் தாலியோடு, அவன் வெள்ளைச் சேலையோடு. நீங்களே வந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு, சத்தமாக வாசித்துவிடுங்கள்.