வந்துடுச்சு

செக்கிங் மேஜையில் வருடக்கணக்காக உட்கார்ந்து அவளுக்கு ஒரு குணம் ஒட்டிக்கொண்டது. துணித் தொழிற்சாலையில் தைத்து வரும் சட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைப்பதில்லை. அவள் உள்ளே நுழைந்தாலே, "செக்கிங் வந்தாச்சு" என்று கணவர் முணுமுணுப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று சொல்லி, கர்ப்பப்பையை எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்து அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டரம்மா, "திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு இருக்கு. முதல் ரெண்டு மூணு வருஷத்துலதான் அதிகம். பரிசோதனைக்குத் தவறாம வந்துடுங்க" என்றார். மற்ற எல்லாம் மறந்துபோய், 'திரும்ப' என்பது மட்டும் அவள் மண்டையில் குடியேறிவிட்டது. அன்றிலிருந்து அந்த வார்த்தை வீட்டில் யார் வாயிலும் வருவதில்லை. ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிய கணவர் சாவியை மறந்துவிட்டு வந்தால்கூட, "இன்னொரு தடவை போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்.

போன வாரப் பரிசோதனைக்கு மாடியில் குடியிருக்கும் தங்கையையும் இழுத்துக்கொண்டு போனாள். "நான் நல்லாதானேக்கா இருக்கேன்" என்று நழுவப் பார்த்தவளை, "நானும் நல்லாதான் இருந்தேன்" என்று வாயை அடைத்து, கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்கு அவளையும் மாதிரி கொடுக்க வைத்தாள்.

இன்று தொழிற்சாலையில் கரண்ட் போய், சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சமையலறையில் கணவர் போனில் பேசும் குரல் கேட்டது.

"வந்துடுச்சும்மா... இல்ல, அவகிட்ட சொல்லல. தாங்க மாட்டா. நீ அழாத."

என்ன வந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் அவளுக்கு இருக்கவில்லை. இந்த வீட்டுக்குத் திரும்பி வரக்கூடியது ஒன்றே ஒன்றுதான்.

சத்தமாகக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். கணவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து குடித்த டம்ளரைக் கூட நகர்த்தாத மனுஷன்.

"ரிசல்ட் வாங்கப் போனீங்களா?"

"போனேன். இன்னும் வரலன்னுட்டாங்க. நாளைக்கு வரச் சொன்னாங்க. நீ உக்காரு, டீ போடறேன்." குரல் குழைந்தது. கழுவி முடித்த அதே டம்ளரை மறுபடி கழுவினார்.

பொய் சொல்லத் தெரியாத ஆளைக் கட்டிக்கொண்டதற்காக முதல்முறையாக வருத்தப்பட்டாள். டீ பாகாக இனித்தது. இடுப்பில் இரண்டு நாளாக இருந்த வலி, இப்போது கால் வரை இறங்குவதுபோல் இருந்தது. நேற்று நெடுநேரம் நின்று வேலை பார்த்தது நினைவுக்கு வந்தாலும் மனம் அதை ஏற்கவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குத் தங்கை இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னடி கண்ணு?"

"தூசி விழுந்துடுச்சுக்கா."

"ரெண்டு கண்ணுலயுமா?"

தங்கை தட்டை எடுத்து வைத்தாள். கணவர் தங்கையைப் பார்த்தார், தங்கை வேண்டாமென்பதுபோல் தலையை லேசாக ஆட்டினாள். கண் ஜாடை வேறா? ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டு என்னை முட்டாளாக்குகிறார்களே என்று அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள்.

"நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன். எனக்குத் திரும்ப வந்துடுச்சு. அப்படித்தானே?"

இரண்டு வருடமாக யாரும் சொல்லாத வார்த்தையை அவளே சொல்லிவிட்டாள். கணவர் பதறிப்போனார்.

"ஐயோ, இல்லம்மா. உனக்கு ஒண்ணும் இல்ல. சத்தியமா. உனக்கு எல்லாம் சுத்தமா இருக்குன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க."

அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். பொய் இல்லை. சட்டென்று சிரித்துவிட்டாள். அடக்க முடியாத சிரிப்பு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தட்டை இழுத்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்குவதற்குள் அந்தத் தையல் விட்டுப்போன இடம் கண்ணில் பட்டது. 'உனக்கு' என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னாரே.

"எனக்கு இல்லன்னா, யாருக்கு?"

தங்கை நிமிரவில்லை.

"இவளுக்கு மாறின செல்லு கொஞ்சம் இருக்காம்," என்றார் கணவர் மெல்ல. "நோய் இல்லயாம். விட்டா ஆகலாமாம். இன்னும் உள்ள கருவி வெச்சுப் பார்க்கணுமாம்."

வாயில் இருந்த சோறு கசந்தது. பயத்தை விட அவமானம்தான் பெரிதாக இருந்தது. கூடப் பிறந்தவள் எதிரில் உட்கார்ந்து அழுகையை விழுங்கிக்கொண்டிருக்க, தான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். எழுந்துபோய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, எச்சில் படாத கையால் அவள் முதுகைத் தடவினாள்.

"ஏண்டி எங்கிட்ட மறைச்ச?"

"உன் ரிசல்ட் நல்லா வந்திருக்கு. ஒரு நாளாவது நீ நிம்மதியா இருக்கட்டும்னுதான்." தங்கை மூக்கை உறிஞ்சினாள். "பரவால்லக்கா. நீ இப்படிச் சிரிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு."

கண்ணைத் துடைத்துவிட்ட அக்காவின் கையைத் தங்கை பிடித்துக்கொண்டாள்.

"சரிபண்ணிட்டா போயிடும்ல? திரும்ப வராதுல்ல?"

இரண்டு வருடமாகத் தூக்கத்தில்கூடத் தன்னைத் தானே கேட்டுக்கொண்ட கேள்வி. அதற்கு யாரிடமும் முழுப் பதில் கிடையாது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை.

"வராதுடி," என்றாள். "நீ முதல்ல சாப்பிடு. நான் டீ போடறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது. சாயங்காலம் பாத்திரம் தேய்த்தபடி அவர் பேசிய அதே குழைந்த குரல்.