திருத்தின நிலம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். செஞ்சி கோர்ட்டில் எல்லோருக்கும் அது தெரியும். வல்லத்திலிருந்து தங்கராஜும் அவர் மனைவி ராஜாம்பாளும் என் வக்கீல் ஆபீசுக்கு வந்த அன்றும் வந்தது. புறவழிச்சாலைக்காக அவர்கள் நிலத்தை எடுக்கப் போவதாக நோட்டீஸ். அதற்கு ஆட்சேபணை கொடுக்கும் கெடு போன மாதமே முடிந்துவிட்டிருந்தது.

"இன்னாண்ணா, இத்தினி நாளு தூங்கினு இருந்தீங்களா?" என்று கத்தினேன்.

அவர் பதறவே இல்லை. "நமக்குத்தான் திருத்தம் இருக்குதேம்மா" என்றார்.

"இன்னா திருத்தம்?"

"நாப்பத்தி நாலாவது திருத்தம். சொத்துக்குன்னே சர்க்காருல போட்டிருக்குதுன்னு டீக்கடையில பேசிக்கினாங்க. எங்க நெலம் பூரா நைனா திருத்துனதும்மா. ஒரே பாறை, முள்ளு. அவரு ஒடைப்பாரு, சின்னப் பையன் நானு கூடையில அள்ளிக் கொட்டுவேன். திருத்துன நெலத்துல கை வைக்கக் கூடாதுன்னுதானே அந்தச் சட்டம்? அதான் தைரியமா இருந்துட்டேன்."

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. கல்லையும் முள்ளையும் நீக்கிக் கரம்பைக் கழனியாக்குவதும் திருத்தம்தான். தில்லியில் உட்கார்ந்து அரசியலமைப்பை மாற்றி எழுதுவதும் திருத்தம்தான். இந்தப் பாவி மனுஷன் தில்லித் திருத்தத்தைத் தன் நிலத் திருத்தமென்று நம்பி, கெடுவைக் கோட்டை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

"கேளுங்கண்ணா. அரசியலமைப்புன்னா நாட்டுக்கே மூலப்பத்திரம் மாதிரி. அத மாத்தி எழுதுனா திருத்தம்னு பேரு. சொத்து வெச்சிக்கறது அடிப்படை உரிமைன்னு முன்ன அதுல இருந்துச்சு. அந்தத் திருத்தத்துல அத எடுத்துட்டாங்க. இப்ப அது சாதா உரிமை. சட்டப்படி நோட்டீஸ் குடுத்து, நஷ்டஈடு குடுத்து அவங்க எடுத்துக்கலாம்."

"அப்ப அது காப்பாத்துறதுக்கு இல்லியா?" என்றாள் ராஜாம்பாள்.

"இல்லக்கா. ஆட்சேபணை எழுதிக் குடுத்திருந்தா, ரோட்டத் தள்ளிப் போடுங்கன்னாவது கேட்டிருக்கலாம்."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "வக்கீலம்மாவ ஒரு வார்த்த கேளுய்யான்னு தலபாடா அடிச்சிக்கினேனே! டீக்கடைக்காரன் பேச்சு ஒனக்குப் பெருசாப் பூடுச்சா?"

தங்கராஜ், "எந்த வருசம்மா எடுத்தாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"எழுபத்தொம்பதுல அமலுக்கு வந்துச்சு."

"அந்த வருசந்தாம்மா அங்க மொதமொத மல்லாட்டை வெதச்சோம்."

நோட்டீசை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அவங்க திருத்துனது செல்லும். எங்க நைனா திருத்துனது செல்லாது. அப்படித்தானேம்மா?"

மனு போட்டுப் பார்க்கலாம் என்று வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"ஆமாண்ணா" என்றேன்.