நான்காவது அறைக்கு ஒரு ஆட்சேபணை

சொத்து வரி மதிப்பீட்டு நோட்டீஸ் வந்த மறுநாள் காலை நர்ஸின் வீட்டில் ஓர் அறை கூடியிருந்தது. நோட்டீஸில் அறைகள் நான்கு என்று போட்டிருந்தது, வீட்டில் அதுவரை மூன்றுதான். சமையலறையை ஒட்டிய சுவரில், முந்தின நாள்வரை காலண்டர் தொங்கிய இடத்தில் ஒரு கதவு இருந்தது. உள்ளே பன்னிரண்டுக்குப் பத்து, வெள்ளையடித்த சுவர், ஒரு ஜன்னல். ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்திருக்க வேண்டும். சாம்பல் நிற வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. அங்கே வைத்த காபி ஐந்தே நிமிடத்தில் ஜில்லிட்டுப் போனது.

நர்ஸோடு இருந்தது அவள் அண்ணன் மட்டும். முப்பது வருடம் பஸ் ஓட்டி, புகை குடித்து, இழுப்பை வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றவர். அந்த அறையில் கால் வைத்ததும் அவருக்கு இழுப்பு நின்றது. அன்றைக்கே கட்டிலை உள்ளே போட்டுக்கொண்டார். வரி இரண்டு மடங்கானதில் நர்ஸுக்கு வயிறெரிந்தது. “நாம கட்டாத ரூமுக்கு நாம ஏன் வரி கட்டணும்?” என்றாள். “மூச்சு விட முடியுது, தாயி. அதுக்கு என்ன வேணும்னாலும் கட்டலாம்” என்றார் அண்ணன். அவள் முப்பது நாள் கெடுவுக்குள் மேல்முறையீடு எழுதிப் போட்டாள்.

அளக்க வந்தவன் வாசற்படியில் நின்று டேப்பின் நுனியை உள்ளே தள்ளிவிட்டான். தான் படி தாண்டவில்லை. டேப் போய்க்கொண்டே இருந்தது. பெட்டி காலியானதும் அதை அப்படியே விட்டுவிட்டு, “சாரி மேடம், பன்னிரண்டுன்னே எழுதிக்கறேன்” என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். விசாரணைக்கு எட்டு மாதமானது. அதற்குள் அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டார், வெளியே வருவதையும். கூப்பிட்டால் குரல் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒவ்வொரு வாரமும் அந்த நேரம் கூடியது.

மேல்முறையீட்டு அதிகாரி கோப்பைவிட்டு நிமிராமலே கேட்டார்: “ரூம் இருக்கா, இல்லையா?”

“நாங்க கட்டல, சார்.”

“கட்டுனீங்களான்னு கேக்கல. இல்லைன்னா இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எடுத்துடறோம்.”

எடுத்துவிடுகிறோம் என்ற சொல் அவளை உறுத்தியது. பின்னால் பதினேழு பேர் காத்திருந்தார்கள். வார்டில் அவளுக்கு இரண்டு மணிக்கு டியூட்டி. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி முத்திரையைக் குத்தினார். வார்டுக்குப் போகாமல் அவள் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினாள். சமையலறைச் சுவர் வழுவழுவென்று, ஒரு விரிசல்கூட இல்லாமல் நின்றது. “அண்ணே, அண்ணே” என்று தட்டித் தட்டிக் கை வீங்கியது. கொத்தனாரை வரவழைத்து உடைத்துப் பார்த்தாள். செங்கல், அதற்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. பூசிக்கொடுத்துவிட்டுக் கொத்தனார் கூலி வாங்காமல் போய்விட்டார். பூச்சு காய்ந்த பிறகு சுவருக்குள் யாரோ சீராக மூச்சு விடுவது கேட்டது. இழுப்பு இல்லாத, நல்ல மூச்சு.

அவள் மறுபடி மனுப் போட்டாள்: என் வீட்டில் ஓர் அறை விடுபட்டுள்ளது, சேர்த்து வரியை உயர்த்துக. இப்படி ஒரு மனுவுக்குப் படிவமே கிடையாது என்று மூன்று முறை திருப்பினார்கள். நான்காம் வருடம் புது இன்ஸ்பெக்டர் ஒருத்தி வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், சுவரில் காதை வைத்து வெகுநேரம் நின்றாள். “சாப்பாடெல்லாம்?” என்று கேட்டாள்.

“தட்டைச் சுவரோரம் வெச்சிருவேன். காலி ஆயிடும்.”

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு, அறைகள் மூன்று, குடியிருப்போர் இருவர் என்று எழுதி நர்ஸிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டை அளக்கப் போனாள்.