ஜெஸ்வினின் சம்பளம்

சகாயநாதனுக்குக் கணக்கு என்றாலே காய்ச்சல் வரும். எந்தப் பாலில் நுரை நிற்கும் என்று கேளுங்கள், டாண் என்று சொல்வார். போன மாதம் லாபமா நஷ்டமா என்றால் சுவரிலிருக்கும் மாதா படத்தைப் பார்ப்பார். வாடகைப் பாக்கியை இந்த மாதக் கடைசிக்குள் கட்டு, இல்லாவிட்டால் காலி பண்ணு என்று கட்டடச் சொந்தக்காரர் கலியபெருமாள் சொல்லிவிட்டுப் போனதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

காலி பண்ணுவதாவது! முத்தியால்பேட்டையில் அந்தச் சின்னக் கஃபேயைத் தொடங்கியது அவருடைய மகன் ஜெஸ்வின். லைசென்ஸ் அப்பா பேரில், தனக்கு மாதச் சம்பளம் என்று ஏற்பாடு பண்ணியதும் அவன்தான். போன வருஷம் பிள்ளைச்சாவடி பக்கம் லாரி மோதி அவன் போய்விட்டான். அன்றிலிருந்து மில்லில் ரிட்டையர் ஆன அப்பா கடையில் நிற்கிறார். கடையை மூடினால் பிள்ளையை மறுபடியும் புதைத்த மாதிரி ஆகிவிடும் என்று மனைவி ஆனந்தமேரியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

கடைசியில் ஆனந்தமேரிதான் தட்டாஞ்சாவடியில் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்கும் சத்யப்பிரியாவைக் கூட்டிவந்தாள். கெட்டிக்காரப் பெண். வந்த வாரமே முட்டை சாண்ட்விச்சை அடக்க விலைக்கும் கீழே விற்றுக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். ஆன்லைன் டெலிவரி கம்பெனிக்காரர்கள் கமிஷனை இரண்டு தடவை பிடித்ததைப் பேசித் திருப்பி வாங்கினாள். இனிமேல் கடை ஓடும், பழைய பாக்கிதான் இடிக்கிறது என்றாள். அதற்கு வழி தேடும்போதுதான் அதைக் கேட்டாள்.

"ஸ்டாஃப் லிஸ்டுல கடைசியா ஜெஸ்வின்னு ஒருத்தர் இருக்காரு சார். மாசாமாசம் சம்பளம் போவுது. அவரை நான் பாத்ததே இல்லியே?"

சகாயநாதன் துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்தார்.

"எம் பையன்மா. தவறிட்டான்."

மறந்துபோய் விட்டதல்ல அது. நிறுத்த மனசு வரவில்லை, அவ்வளவுதான். சம்பளத்தன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் லிஸ்டை மனைவிக்கு வாசித்துக் காட்டுவார். ஜெஸ்வின் என்று முடிந்த பிறகுதான் அவள் சோறு போடுவாள். அந்த ஒரு நிமிஷம் பிள்ளை எங்கேயோ வேலையில் இருப்பது போல இருக்கும் இருவருக்கும்.

வேறு யாராவது என்றால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். சத்யப்பிரியா லேப்டாப்பை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னாள். இல்லாதவர் பேரில் சம்பளம் காட்டக் கூடாது. கட்ட வேண்டிய வாடகை முழுக்க, மாசாமாசம் போன சம்பளமாக ஜெஸ்வினின் பேங்க் கணக்கில்தான் கிடக்கிறது. நாமினி நீங்கள்தான், இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் கைக்கு வந்துவிடும்.

சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருந்தது. வாங்கி வந்த நாளிலிருந்து உறையை அவர் பிரிக்கவில்லை.

"பையன் கடைய காப்பாத்தணும்னா, பையன் செத்துட்டான்னு நானே எழுதித் தரணுமா?" என்று கேட்டார்.

"ஆமா சார். நானும் கூட வரேன்."

சொன்னபடியே வந்தாள். பேங்கில் எல்லாவற்றையும் அவளே நிரப்பினாள், கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டாள். போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி அவசரப்படுத்தவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து அவர் போட்டார்.

பணம் வந்தது. கலியபெருமாள் பாக்கியை வாங்கிக்கொண்டு ஒரு காபியும் குடித்துவிட்டுப் போனார். கடை பிழைத்தது, சந்தோஷம்தான். ஆனால் சகாயநாதனுக்கு அன்றைக்கு ஒரு வாய் காபி இறங்கவில்லை.

அடுத்த சம்பள நாள் வந்தது. சத்யப்பிரியா போனில் அனுப்பிய லிஸ்டைச் சாப்பாட்டு மேசையில் அவர் வாசித்தார். பலராமன், ரூபி, சரத்குமார். அத்தோடு நிறுத்தினார்.

ஆனந்தமேரி கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மேரி."

அவள் கரண்டியைச் சோற்றிலேயே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கல்லறையில் மண் போட்ட நாளில்கூட அவர்கள் அப்படி அழவில்லை.